கணினியில் கேம் ஆடப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இந்த வரிசையில் போங்கள்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பெரிய கேமில், கதாநாயகன் குதிரையில் ஏறும் இடத்தைக்கூட நான் பார்க்கவில்லை. திறந்தவுடன் "ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு பட்டை வந்தது (ஷேடர் என்பது திரையில் ஒளி, நிழல் எல்லாம் வரையும் சின்ன நிரல்). அது ஊர்ந்து ஊர்ந்து 100-ஐத் தொட 50 நிமிடம். அப்புறம் படம் விட்டுவிட்டு ஓடியது, சரி, அமைப்பை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, மூடித் திறந்து, மறுபடி குறைத்து, நிமிர்ந்து பார்த்தால் 2 மணி 20 நிமிடம் ஓடியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 2 மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டீர்கள், தர முடியாது என்று பதில் வந்தது. நான் ஆடவே இல்லை. ஆனால் கேம் திறந்திருந்தது, கடைக்கு அதுதான் கணக்கு.

அதே மாதம் என் கேம் கணக்கும் களவு போய், 11 நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. இரண்டுமே பத்து நிமிட முன்வேலையில் தவிர்த்திருக்கக் கூடியவை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. "எந்த கேம் நல்ல கேம்" என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், "பணம் கட்டும் முன் என்ன செய்ய வேண்டும்" என்று பேச ஆள் இல்லை. அதனால் நான் பட்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. உங்கள் கணினி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள்

நான்கு விஷயம் போதும்: ப்ராசசரின் பெயர், கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டியில், அதாவது வேகமான சேமிப்பு வட்டில், எவ்வளவு இடம் காலி. விண்டோஸ் என்றால் தேடும் இடத்தில் டிஎக்ஸ்டியாக் (dxdiag) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், முதல் மூன்றும் அதிலேயே இருக்கும்.

இப்போது கேமின் கடைப் பக்கத்தில் கீழே இறங்கினால் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என்று இரண்டு பட்டியல் இருக்கும். குறைந்தபட்சம் என்பது பெரும்பாலும் "திறக்கும், ஓடும்" என்ற அளவுதான். சுகமாக ஆட வேண்டும் என்றால் இரண்டாவது பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இது: கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றல்ல. ஆர்டிஎக்ஸ் 4070 டெஸ்க்டாப்பில் 12 ஜிபி நினைவகத்தோடு வருகிறது, அதே பெயரில் லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி. யூட்யூபில் ஒருவர் அந்தக் கார்டில் ஆடிக் காட்டும் வீடியோவைப் பார்க்கும்போது அவரிடம் இருப்பது எது என்று பாருங்கள். இன்னொன்று, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு ஆடுங்கள், பேட்டரியில் ஆடினால் வேகம் பாதியாகத் தெரியும்.

டெஸ்க்டாப் என்றால் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று ஒருமுறை பின்னால் எட்டிப் பாருங்கள். மேலே மதர்போர்டில் சொருகியிருந்தால் நீங்கள் காசு கொட்டி வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கீழே கார்டில் படுக்கைவாட்டமாக இருக்கும் துளையில்தான் சொருக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாற்றுவது, வாங்கியிருந்தால் விண்டோஸ் அமைப்பில் போய் அதை 144 என்று நீங்களே மாற்ற வேண்டியிருக்கும், பல கணினிகளில் அது 60-லேயே நின்றுகொண்டிருக்கும்.

பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்றால் ஆடுவதைத் தள்ளிப் போடாதீர்கள், அதற்கேற்ற சின்ன கேம்களும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது எஸ்எஸ்டியில் 150 ஜிபி. ஸ்டார்டியூ வேலி கேட்பது 500 எம்பி. எனக்கு இரண்டாவதில் போன மணி நேரம்தான் அதிகம்.

2. கணக்குத் திறக்கும்போதே ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

கேம் கணக்கு என்பது சில வருடத்தில் உங்கள் வீட்டின் விலை உயர்ந்த பொருட்களில் ஒன்றாகிவிடும். 40 கேம் சேர்ந்த பிறகு அதன் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள், தெரியும். ஆனால் எல்லோரும் அதை ஏதோ ஒரு பழைய மின்னஞ்சலில், எங்கும் பயன்படுத்தும் அதே பாஸ்வேர்டில் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன்.

செய்ய வேண்டியது இது. உங்கள் கட்டுப்பாட்டில் எப்போதும் இருக்கும் ஒரு மின்னஞ்சல், அலுவலகமோ கல்லூரியோ கொடுத்தது வேண்டாம், அங்கிருந்து வெளியேறிய நாளில் அது போய்விடும். அந்த மின்னஞ்சலுக்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும்படி. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் என்றால், அதன் கைபேசி செயலியில் ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற பாதுகாப்பைப் போடுங்கள். போடும்போது ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள், அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அந்தக் கைபேசியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், கைபேசி தொலையும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

ரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். தனி ஃபோல்டர் போட்டு முதல் ரசீதிலிருந்து எல்லாவற்றையும் வையுங்கள். என் கணக்கு போனபோது கேட்கப்பட்டது இவைதான்: முதலில் எந்த மின்னஞ்சலில் திறந்தீர்கள், பணம் கட்டிய கார்டு எது, வாங்கியதற்கு என்ன ஆதாரம். கார்டு மாறியிருந்தது, ரசீதை அழித்திருந்தேன். வங்கியில் பழைய கணக்கு விவரம் வாங்கி அனுப்பி, அவர்கள் மறுபடி கேள்வி கேட்டு, அதில்தான் 11 நாள் போனது.

எப்படிப் போனது என்பதையும் சொல்கிறேன், இன்றும் இதே வழியில்தான் பலருக்குப் போகிறது. கூட ஆடும் நண்பரின் கணக்கிலிருந்து "எங்கள் அணிக்கு ஒரு ஓட்டுப் போடுங்கள்" என்று செய்தி வந்தது. தொட்டேன். போட்டித் தளம் மாதிரி ஒரு பக்கம், ஓட்டுப் பட்டன், அழுத்தினால் உள்நுழையச் சொல்லி ஒரு சின்ன ஜன்னல். மேலே முகவரி சரியாக இருந்தது, பூட்டுச் சின்னம்கூட இருந்தது. ஆனால் அது ஜன்னலே இல்லை, பக்கத்துக்குள் வரைந்து வைத்த படம். கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை: அந்தச் சின்ன ஜன்னலைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையானது வெளியே வரும். போலியானது பிரவுசரின் ஓரத்தில் முட்டி நிற்கும். இதைவிட எளிது, செய்தியில் வந்த இணைப்பிலிருந்து எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் இருப்பது. செய்தி அனுப்பியது நண்பராக இருந்தாலும் சரி, அவர் கணக்கும் முன்பே போயிருக்கலாம்.

இன்னும் இரண்டு பொறி. ஸ்டீமில் புதுக் கணக்குக்கு 5 அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவு செய்யும் வரை நண்பர்களைச் சேர்ப்பது உட்படப் பல வசதி பூட்டியே இருக்கும். வேறு கடையில் வாங்கிய கீயை (கேமைத் திறக்கும் குறியீட்டை) உள்ளிட்டால் அது இந்த 5 டாலரில் சேராது. "என் கணக்கில் ஏதோ கோளாறு" என்று பயப்பட வேண்டாம். அப்புறம், விபிஎன் (இணையத்தில் வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் மென்பொருள்) போட்டு விலை குறைவான நாட்டுக்காரர் மாதிரி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், கணக்கே முடங்கும்.

3. முதல் கேமைப் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. புதிதாக ஒருவர் வந்து என்ன ஆடலாம் என்று கேட்டால் எல்டன் ரிங் ஆடு, விட்சர் 3 ஆடு என்கிறார்கள். இரண்டுமே அருமையான கேம்கள்தான். ஆனால் ஒரு கையில் நடந்து இன்னொரு கையில் பார்வையைத் திருப்பவே இன்னும் வராதவருக்கு அவை எப்படிப் பிடிபடும்? நமக்குப் பல வருடப் பழக்கத்தில் வந்தது அவருக்கு முதல் நாளே வராது. அவர் தனக்கு கேம் சரிப்படாது என்று போய்விடுகிறார், நாம் ஒரு நல்ல ஆட்டக்காரரை இழக்கிறோம்.

நடக்கவும் பார்க்கவும் பழக என் முதல் தேர்வு போர்ட்டல். 2007-இல் வந்தது, பழைய கணினியிலும் ஓடும், நான்கைந்து மணி நேரத்தில் முடியும், பெரும்பாலான இடங்களில் நின்று யோசிக்க நேரம் கொடுக்கும். பாடம் என்றே தெரியாமல் ஒவ்வொரு அறையும் ஒரு விஷயத்தைக் கற்றுத்தரும். அமைதியாக ஏதாவது வேண்டும் என்றால் எ ஷார்ட் ஹைக், ஒரு மாலையில் ஒரு மலை ஏறி முடித்துவிடலாம். வீட்டில் இருவர் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் இட் டேக்ஸ் டூ. இருவர் இல்லாமல் ஆடவே முடியாது, ஆனால் ஒருவர் வாங்கினால் போதும், தூரத்தில் இருக்கும் மற்றவர் நண்பர் பாஸ் மூலம் காசில்லாமல் சேரலாம்.

எளிய நிலையில் ஆடுவது ஏமாற்று என்று சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஹேடிஸில் காட் மோட் என்று ஒன்று உண்டு, போட்டவுடன் உங்களுக்கு வரும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை செத்தாலும் இன்னும் 2 சதவீதம் குறைந்துகொண்டே 80 வரை போகும். செலஸ்ட்டில் ஆட்டத்தின் வேகத்தையே குறைக்கலாம். செய்தவர்களே வைத்த வசதி அது, உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் வாங்கும் முன் பாருங்கள், ஹௌ லாங் டு பீட் தளத்தில் கிடைக்கும். வாரத்துக்கு 4 மணி நேரம் கிடைப்பவர் 100 மணி நேரக் கேம் வாங்கினால் அது அரை வருட ஒப்பந்தம்.

4. எப்போது வாங்குவது

அவசரப்படாமல் இருந்தால் போதும், காசு தானாக மிஞ்சும். ஸ்டீமில் வருடத்துக்கு நான்கு பெரிய சேல், அதில் கோடை சேல் ஜூன் கடைசி வாக்கிலும் குளிர்கால சேல் டிசம்பர் கடைசியிலும் வருகிறது. வேண்டியதை விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், விலை குறைந்தால் மின்னஞ்சல் வரும். 75 சதவீதம் தள்ளுபடி என்று பார்த்ததும் பாயாமல் ஸ்டீம்டிபி தளத்தில் அதன் பழைய விலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு சேலிலும் அதே விலைதான் என்றால் இப்போதே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. எபிக் கடையில் வாராவாரம் வியாழன் ஏதாவது ஒரு கேமை இலவசமாகக் கொடுக்கிறார்கள், கணக்குத் திறந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020-இல் வந்தபோது இருந்த நிலையில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்தார்கள், 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது கிட்டத்தட்ட வேறு கேம். பொறுத்திருந்தவர்களுக்குக் குறைந்த விலையில் நல்ல கேம் கிடைத்தது.

இணையம் இல்லாமல் ஓடுமா என்பதையும் பாருங்கள். தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 31 மார்ச் 2024 அன்று நிறுத்தினார்கள், தனியாக ஆடுபவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. ஸ்டீமில் நீங்கள் வாங்குவது உரிமம்தான், அதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். கோப்பு கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஜிஓஜி கடையைப் பாருங்கள், அங்கே பூட்டு இல்லாத இன்ஸ்டாலரை இறக்கி வன்வட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கீ விற்கும் தெரியாத தளங்களில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். திருட்டுக் கார்டில் வாங்கிய கீயாக இருந்தால் பிறகு உங்கள் கணக்கிலிருந்து கேமை எடுத்துவிடுவார்கள், அந்த நேரத்தில் விற்றவரை எங்கே தேடுவது.

5. டவுன்லோடு

50 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 50 எம்பி இறங்கும் என்று நினைக்கிறார்கள். 8 ஆல் வகுக்க வேண்டும், 6 எம்பி சொச்சம்தான். 100 ஜிபி கேம் ஏறக்குறைய நாலரை மணி நேரம். இரவில் போட்டுத் தூங்குங்கள். கேமின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் காலியாக இருக்கட்டும், அப்டேட் வரும்போது தேவைப்படும்.

6. அந்த 2 மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது

இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன். ஸ்டீமிலும் எபிக்கிலும் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், எபிக்கில் சில பொருட்களுக்கு மட்டும் கிடையாது என்று போட்டிருப்பார்கள். ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கவே கூடாது. நிண்டெண்டோ ஈஷாப்பில் டிஜிட்டல் கேமுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம்.

டவுன்லோடு ஆகும் நேரம் இந்த 2 மணியில் சேராது. ஆனால் கேமுக்குள் நடக்கும் எல்லாம் சேரும்: ஷேடர் பட்டை, அறிமுகக் காட்சி, தலைமுடியும் மூக்கும் செதுக்கும் பாத்திர உருவாக்கம், திறந்து வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடப் போன நேரம். அதனால் என் முறை இது. நேரம் இருக்கும் நாளில் மட்டும் முதல் முறை திறப்பேன். கைபேசியில் 90 நிமிடத்துக்கு அலாரம் வைப்பேன். ஷேடர் தயாரானதும், கேமே தயாராக வைத்திருக்கும் ஏதோ ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக ஆட்டத்துக்குள் போய், கூட்டமோ சண்டையோ இருக்கும் இடம் வரை ஓடுவேன். அங்கே சீராக ஓடினால் மற்ற இடங்களிலும் ஓட வாய்ப்பு அதிகம். அலாரம் அடிக்கும்போது இன்னும் அமைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் உடனே மூடிவிட்டுப் பணத்தைக் கேட்பேன். "இன்னும் ஒரே ஒரு அமைப்பு" என்று உட்கார்ந்ததில்தான் என் காசு போனது.

திருப்பிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் ஸ்டீம் வாலெட்டிலோ பணம் கட்டிய வழியிலோ வந்துவிடும். முழு விலையில் வாங்கிய மறுநாளே சேல் வந்துவிட்டதா? திருப்பிக் கொடுத்துவிட்டு சேல் விலையில் வாங்குவதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறது.

வாங்காமலேயே பார்க்க டெமோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நடக்கும், வரப்போகும் கேம்களின் டெமோக்கள் குவிந்து கிடக்கும்.

7. தலை சுற்றினால்

முதல் நாள் பலருக்குக் குமட்டும், அது உங்கள் உடம்பின் குறையில்லை. மோஷன் ப்ளர் (அசையும்போது படம் மங்குவது), கேமரா குலுக்கல், தலை ஆட்டம் மூன்றையும் அணையுங்கள். பார்வைக் கோணத்தை 90 டிகிரி அளவுக்கு ஏற்றுங்கள். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். குமட்டல் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், தாங்கிக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது பொய், எனக்கு அடுத்த நாள் வரை தலைவலி இருந்தது. 20 நிமிடம் ஆடிவிட்டு மறுநாள் 25 என்று போனால் உடம்பு பழகும்.

8. ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் முன்

நண்பர்கள் ரேங்க்டு, அதாவது தரவரிசைக்கான ஆட்டம், ஆடக் கூப்பிட்டால் அன்றைக்கே முடியாது. வாலரண்டில் கணக்கு 20-ஆம் லெவலுக்கு வர வேண்டும், டோட்டா 2-இல் 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். வாலரண்டின் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு கணினிப் பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். இரண்டும் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அணைந்திருந்தால் கேம் திறக்காது, நண்பர்கள் காத்திருக்கும் இரவில் அதைத் தேடாமல் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

குரலில் வசை வந்தால் அந்த நிமிடமே மியூட் செய்யுங்கள், பதில் பேச வேண்டாம், ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுங்கள். "கேம் என்றால் இப்படித்தான்" என்று நாம் சகித்துச் சகித்துத்தான் நிறையப் பேர், முக்கியமாகப் பெண்கள், மைக்கைப் போடவே தயங்கும் நிலை வந்திருக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கும் விஷயம். பக்கத்தில் ஒருவரை யாராவது திட்டினால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய துணை.

ஸ்டீம் ஃபேமிலியில் 6 பேர் வரை கேமைப் பகிரலாம். நல்ல வசதி. ஆனால் உங்கள் கேமைத் தம்பி எடுத்து ஆடி ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டினால், அந்த கேமில் தடை அவனோடு சேர்த்து உங்களுக்கும்தான். ஸ்டீமின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான விஏசியின் தடை விழுந்தால் நிரந்தரம், மேல்முறையீடு செய்து நீக்க வழி இல்லை. பகிரும் முன் அவனை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

9. இலவச கேமில் கார்டைச் சேமிக்காதீர்கள்

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, இலவச கேம்களில் நான் ஆண்டுக்கணக்கில் சந்தோஷமாக ஆடியிருக்கிறேன். ஆனால் கென்ஷின் இம்பாக்ட் மாதிரி கேமில் பாத்திரங்களைப் பெரும்பாலும் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும், அதில் மிக அரிதான 5 நட்சத்திரப் பாத்திரம் வரும் வாய்ப்பு ஒரு முயற்சிக்கு 0.6 சதவீதம். 90 முயற்சிக்குள் ஒன்று உறுதி, ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்டதாக இருக்கும் என்பது உறுதியில்லை. இந்த எண்கள் கேமுக்குள்ளேயே விவரப் பக்கத்தில் இருக்கும், முதல் காசு போடும் முன் அதைத் திறந்து படியுங்கள். ஒரு முயற்சியின் விலையை 90 ஆல் பெருக்கி, அந்தத் தொகையை நிஜக் காசில் தாளில் எழுதிப் பாருங்கள். கேமுக்குள் அது ரத்தினம், படிகம் என்று வேறு பெயரில் இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

போட்டே ஆக வேண்டும் என்றால் கிஃப்ட் கார்டு வாங்கிப் போடுங்கள். அது தீர்ந்ததும் தீர்ந்தது. குழந்தைகள் ஆடும் கைபேசியாக இருந்தால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டு, அப்புறம் கையில் கொடுங்கள்.